இரண்டு புள்ளி ஆறு

ஆவணி 3, செவ்வாய்

எதுவாக இருந்தாலும் எழுதிக் கொடு என்று சங்கத் தலைவர் தங்கமுத்து சொல்லிவிட்டார். எனக்கு எழுத்து வராது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். மச்சினன் அத்தியப்பன் என் போனை வாங்கி ஒரு இடத்தை அமுக்கிக் காட்டினான். பேசினால் அது எழுதிக்கொள்கிறது. திருப்பிச் சொல் என்றால் படித்துக் காட்டுகிறது. நல்லதாகப் போயிற்று. இனி நடப்பதையெல்லாம் தேதி போட்டுச் சொல்லி வைக்கிறேன். எழுத்துத்தான் வராது, தேதி எனக்குத் தப்பாது.

என் பேர் பொங்கியண்ணன். அணையில் பரிசல் போட்டு மீன் பிடிக்கிறவன். கோட்டப்பாறைக்கு வடக்கே உள்ள தண்ணீர் என் இடம். நானும் என் வீட்டுக்காரி பாவாயியும் ஒரே பரிசல். அவள் துடுப்பு, நான் வலை. சங்கத்தில் இதை ஜோடி உறுப்பினர் என்பார்கள். ஆடி மாதம் அவள் காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளை இல்லை. கொள்ளி நான்தான் வைத்தேன், அதனால் மீசையை எடுத்தேன். அதைப் பற்றிச் சொல்ல இங்கே ஒன்றும் இல்லை.

சொல்ல வந்தது வேறு. தண்ணீரில் இறங்கும் முன் துறையில் நின்று போனில் முகம் காட்ட வேண்டும். சங்கம் போன வருஷம் கொண்டுவந்த செயலி இது. பச்சை எரிந்தால்தான் காவலாள் துறையை மறித்த சங்கிலியை அவிழ்ப்பான். கருமாதி முடிந்து இன்று முதல் நாளாகப் போய்க் காட்டினேன். முகம் பொருந்தவில்லை என்றது. வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று பார்த்தேன். துண்டை அவிழ்த்துப் பார்த்தேன். பொருந்தவில்லை.

தலைவரிடம் போனேன். இரண்டு வழி சொன்னார். ஒன்று, மீசை வளரும் வரை வீட்டில் இருப்பது. ஆனால் வருகிற இருபத்து மூன்றாம் தேதி பொதுக்கூட்டம். ஆவணி பிறந்து அதற்குள் ஒரு நாள்கூடத் தண்ணீரில் இறங்காதவன் இடம் குலுக்கலுக்குப் போய்விடும், அது விதி. மற்றது, பழைய பதிவை அடித்துவிட்டுத் தனியாள் என்று புதிதாகப் பதிந்துகொள்வது. அப்படிச் செய்தால் நான் வரிசையில் கடைசி ஆள். பாவாயி பேரும் அதோடு போகும்.

இரண்டும் ஆகாது என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு இடம்தான் முக்கியம். பேச்செல்லாம் இடத்தைப் பற்றித்தான்.

ஆவணி 4, புதன்

முகம் காட்டினேன். பொருந்தவில்லை. வீட்டுக்கு வந்து சவரம் செய்துகொண்டேன்.

ஆவணி 6, வெள்ளி

இன்றும் அதே கதை. நேராகச் சங்கத்துக்குப் போனேன். மீன் எடை போடுகிற நேரம், எல்லோரும் இருந்தார்கள்.

போன வருஷம் இந்தச் செயலியைத் தொடங்கி வைத்த அன்று தலைவர் மைக்கில் பேசியது எனக்கு அப்படியே இருக்கிறது. பந்தலில் மழை ஒழுகிக்கொண்டிருந்தது. சாம்பார் சாதத்தில் உப்பு இல்லை. அவர் சொன்னார்: இதற்குள்ளே முகம் பார்க்கிற பொறி மூன்று புள்ளி இரண்டு, இருப்பதிலேயே புதுசு, மீசை எடுத்தாலும் தாடி வைத்தாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடும். அதை அவர் முன்னாலேயே சொன்னேன். அவர் கால் மாற்றி நின்றதையும், சொல்லி முடித்துச் சோடா குடித்ததையும் சேர்த்துச் சொன்னேன்.

அப்படிச் சொன்ன நினைவில்லை என்றார். ஆனாலும் செயலி செய்த கம்பெனிக்குப் போன் போட்டார். அவர்கள் வழி சொன்னார்கள். செயலியின் அடியில் ஒரு மீன் சின்னம் இருக்கிறது, அதை விடாமல் அமுக்கினால் ஒரு பக்கம் திறக்கும், உள்ளே இருக்கிற ஒவ்வொரு பொறியும் எத்தனையாவது பதிப்பு என்று அதில் இருக்கும். என் போனிலேயே அமுக்கினார். என் போன் எல்லாவற்றையும் எனக்காகச் சத்தமாகப் படிக்கும். படித்தது. முகம் அறியும் பகுதி, பதிப்பு மூன்று புள்ளி இரண்டு.

தலைவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"கேட்டீங்களா? புதுசுதான் உள்ள இருக்குது. பொறி சரியாத்தான் இருக்குதுங்க. மூஞ்சிதான் சரியில்ல."

தராசுக்காரன் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

"இந்த மூஞ்சிய வெச்சுத்தானுங்க உங்களுக்கு ஓட்டுப் போட்டன். அன்னைக்கு மட்டும் பொருந்துச்சுங்களா?" என்றேன்.

அதற்கும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மூன்று புள்ளி இரண்டு என்று அதுவே சொன்ன பிறகு இனி என்ன பேச்சு என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

வரும் வழியெல்லாம் யோசித்தேன். அது சொன்னதா, அதைப் பற்றி யாரோ சொன்னதா?

ஆவணி 9, திங்கள்

வலையில் நண்டு கடித்த ஓட்டைகளைக் கட்டினேன். கோழி ஒன்று பரிசலுக்குள் முட்டை வைத்திருக்கிறது. களி கிண்டினேன், கட்டி விழுந்தது. கட்டி விழுந்தாலும் களிதான், தின்றேன்.

அத்தியப்பன் வந்தான். பாவாயிக்குத் தம்பி. பக்கத்துத் தண்ணீர் அவன் இடம். மீசையை விடச் சொன்னான். இப்போதே விட்டால் இருபத்து மூன்றுக்குள் ஓரளவு நிழலாடும், பொறி ஏமாந்தாலும் ஏமாறும் என்றான்.

நான் வலையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவன் விடவில்லை. செத்தது எனக்கும் அக்காதான், எத்தனை நாளைக்கு இப்படி மழித்துக்கொண்டு திரிவீர்கள் என்று கேட்டான். எப்போது விட வேண்டும் என்று எனக்குத் தெரியும், பொறிக்காக விட மாட்டேன், தங்கமுத்துக்காக முளைக்கவே விட மாட்டேன் என்றேன். வேலை இல்லாதவனுக்குச் சவரம் ஒரு வேலை, வேறு ஒன்றும் இல்லை.

ஆவணி 11, புதன்

இன்று துறையில் ஒரு கூத்து.

முகம் காட்டினேன். பொருந்தவில்லை. அத்தியப்பன் டீக் காய்ச்சிய அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து வந்தான். வேண்டாம் என்று சொல்வதற்குள் என் தாடையைப் பிடித்துத் திருப்பி மேலுதட்டில் வரைந்துவிட்டான். என் மீசை எப்படி இருக்கும் என்று ஊருக்கே தெரியும், நுனி இரண்டும் கீழே இறங்கி வாயைத் தாண்டும். அப்படியே வரைந்தான். காவலாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இப்பக் காட்டுங்க மாமா."

விளையாட்டுக்குத்தான் காட்டினேன். வணக்கம் பொங்கியண்ணன் என்றது.

சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்து, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டது. துணையாளர் பாவாயி, முகத்தைக் காட்டவும்.

துணை வராத நாளில் அதைத் தள்ளிவிட்டுப் போக ஓரத்தில் ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்குங்கள், பச்சை வந்துவிடும், போய் வலையைப் போடுங்கள் என்று காவலாள் மெதுவாகச் சொன்னான். ஒரு நாள் இறங்கினால் போதும், இடம் குலுக்கலுக்குப் போகாது. எனக்கும் தெரியும். அது கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டுத் தானாக அணைந்தது.

தண்ணீரில் முகத்தைக் கழுவினேன். வழி விட்டது கரிக்கு, எனக்கில்லை. கரி போய் மீன் பிடித்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆவணி 12, வியாழன்

கோழி இன்னொரு முட்டை வைத்தது.

அந்தக் கரித்துண்டு என் மடியிலேயே இருந்திருக்கிறது. மத்தியானம் அக்கம்பக்கத்தில் ஆள் இல்லாதபோது கண்ணாடி பார்த்து நானே வரைந்து போனில் காட்டினேன். பொறி நேற்றுப் போலவே வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமல்லவா? செய்கிறது. என் பேரைச் சொன்னது, அவள் பேரைச் சொன்னது. ஒரு முறை பார்த்தால் உறுதியாகாது என்று மறுபடியும் பார்த்தேன். சாயங்காலம் வரை பார்த்தேன். கரி தீர்ந்துவிட்டது.

ஆவணி 13, வெள்ளி

அத்தியப்பன் கெட்டிக்காரன். ராத்திரியெல்லாம் யோசித்திருக்கிறான். காலையில் தன் மெல்லிய மீசை மேலேயே கரியை அப்பி, என் மீசையாக ஆக்கிக்கொண்டு, என் போனை வாங்கித் தங்கமுத்து முன்னால் போய் நின்றான். போன் அவனைப் பார்த்து வணக்கம் பொங்கியண்ணன் என்றது. அவன் ஓரத்துப் பொத்தானையும் அமுக்கினான். பச்சை எரிந்தது.

"தலைவரே, கரி ஒரு துண்டு போதுமுங்க. நாளைக்கு உங்க இடத்துலயும் எறங்கிக் காட்டட்டுங்களா?"

தங்கமுத்துவுக்கு நல்ல அடர்த்தியான மீசை. அதைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தார். என் முகம் பொருந்தாததற்கு ஒரு நாளும் எழாதவர், அடுத்தவன் முகம் தனக்குப் பொருந்திவிடும் என்றதும் எழுந்து மறுபடியும் கம்பெனிக்குப் போன் போட்டார். ஆள் அனுப்புகிறார்களாம்.

ஆவணி 16, திங்கள்

மழை. துறைக்குப் போனேன், காட்டினேன், பொருந்தவில்லை. திரும்பினேன்.

ஆவணி 17, செவ்வாய்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். யாஸ்மின் என்று பேர். செயலியை எழுதுகிறவர்களில் ஒருத்தி. தலைவர் அறையில் கரண்ட் இல்லை, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு துறைக்கே வந்துவிட்டாள். கவிழ்த்துப் போட்ட என் பரிசல்தான் அவளுக்கு மேஜை.

அவளும் முதலில் அந்த மீன் சின்னத்துப் பக்கத்தைத்தான் திறந்து பார்த்தாள். மூன்று புள்ளி இரண்டு. பதிப்பு சரியாக இருக்கிறதே ஐயா என்றாள். கரி வரைந்த கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. மூன்று புள்ளி இரண்டு கண்ணையும் புருவத்தையும் பார்க்கிற ஜாதி, மீசைக்கு ஏமாறாதே என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள்.

அப்புறம் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். செயலி முழுவதையும் அவர்களே செய்வதில்லை. முகம் பார்க்கிற வேலையை வேறு எங்கோ யாரோ செய்து வைத்திருக்கிறார்கள், அதை எடுத்து உள்ளே வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு லைப்ரரி என்று பேர். பேப்பர் படிக்கிற கட்டிடம் எனக்குத் தெரியும், அது இல்லையாம். செயலிக்கு ஒரு நம்பர், அதற்குள் இருக்கிற லைப்ரரிக்குத் தனி நம்பர். பரிசல் நான் கட்டியது, அடியில் பூசிய தார் எவனோ காய்ச்சியது, அப்படித்தானே என்றேன். அப்படியேதான் என்றாள்.

"அந்தப் பக்கத்துல மூணு புள்ளி ரெண்டுன்னு சொல்றது யாரு அம்மிணி? தாரா, பரிசலா?"

அவள் விரல் நின்றது. மடிக்கணினியில் எதையோ திறந்து படித்தாள்.

"ரெண்டும் இல்லீங்கய்யா. நாங்க. அந்த நம்பரை நாங்கதான் கையில அடிச்சு வெச்சிருக்கோம்."

புதுசு போடப்போகிறோம் என்று முடிவானதும் பக்கத்தில் நம்பரை மாற்றி அடித்திருக்கிறார்கள். உள்ளே பொறியை மாற்றுகிறவன் மாற்றினானா என்று யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் பக்கத்தைப் பார்த்தார்கள், பக்கம் சரியாக இருந்தது.

லைப்ரரியிடமே கேட்க ஒரு வழி உண்டாம். உன் பதிப்பு என்ன என்று கேட்டால் அதுவே சொல்லும். இவ்வளவு நாள் ஒருவரும் கேட்கவில்லை. அவள் ஒரே ஒரு வரி எழுதினாள். கையால் அடித்து வைத்த நம்பரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கேள்வியை வைத்தாளாம். கம்பியைப் போட்டு என் போனில் ஏற்றினாள். மீன் சின்னத்தை என்னையே அமுக்கச் சொன்னாள்.

போன் படித்தது. முகம் அறியும் பகுதி, பதிப்பு இரண்டு புள்ளி ஆறு.

பரிசலை ஒரு தட்டுத் தட்டினேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு, "சாரிங்கய்யா" என்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஆவணி 19, வியாழன்

நம்பர் கிடைத்துவிட்டதே, பிறகென்ன என்று இன்று தலைவரிடம் கேட்டேன். புதுப் பொறி ஏற்ற ஒரு வாரம் ஆகுமாம், அதற்குள் பொதுக்கூட்டம் வந்துவிடுமாம். பொறி தப்புத்தான், ஆனால் ஒரு நாளும் இறங்காத இடம் இறங்காத இடம்தானே, விதியை ஒருத்தருக்காக வளைக்க முடியாது என்றார். கூட்டத்தில் நம்பர் பேச்சை எடுக்க வேண்டாம், சங்கத்துக்கும் கம்பெனிக்கும் அசிங்கம் என்றார். எனக்கு அசிங்கம் வந்தபோது தராசுக்காரன் வரைக்கும் சிரித்தான், அப்போது ஒருவரும் அசிங்கம் என்று சொல்லவில்லை.

காலையில் முகம் காட்டினேன். பொருந்தவில்லை. இப்போது அது சொல்லும்போது எனக்கு உறைப்பதில்லை. உன் நம்பர் எனக்குத் தெரியும் என்று அதனிடம் சொன்னேன்.

ஆவணி 23, திங்கள்

பொதுக்கூட்டம். சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன்.

வாசலில் யாஸ்மின் நின்றாள். புதுப் பொறியை ஏற்ற வந்தவள். முகம் வாடியிருந்தது. நம்பரைப் பற்றிக் கூட்டத்தில் வாய் திறக்கக் கூடாது என்று மேலே இருந்து சொல்லிவிட்டார்களாம். கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டேன், ஆனால் நானாக எழுந்து பேசினால் வேலை போய்விடும் ஐயா என்றாள்.

"நீ பேச வேண்டாம் அம்மிணி. அது பேசட்டும்" என்றேன்.

தங்கமுத்து வரவு செலவு எல்லாம் படித்து முடித்து, கடைசியில் குலுக்கலுக்கு வந்தார். இறங்காத இடம் ஒன்று, கோட்டப்பாறை வடக்கு என்றார். நான் எழுந்தேன். பேசுவதென்றால் முன்னாலேயே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்றார். மூன்றாம் தேதியிலிருந்து எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று போனைத் தூக்கிக் காட்டினேன். பின்னால் இருந்தவர்கள் விடுங்கள் விடுங்கள் என்று சத்தம் போட்டார்கள்.

மைக்கிடம் போய் நின்றேன். பேசுவதற்கு நிறைய யோசித்து வைத்திருந்தேன். எதையும் பேசவில்லை. மீன் சின்னத்தை அமுக்கிப் போனை மைக்குக்கு நேராகப் பிடித்தேன்.

இரண்டு புள்ளி ஆறு என்று மண்டபம் முழுக்கக் கேட்டது.

"போன வருசம் இதே மைக்குல மூணு புள்ளி ரெண்டுன்னு சொன்னாங்க. அவங்க சொன்னாங்க. இப்ப அதையே கேட்டேன், அது சொல்லுது. எதை நம்பறதுன்னு நீங்க சொல்லுங்க."

தலைவர் யாஸ்மினைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். அவள் எழவில்லை, இருந்த இடத்திலிருந்தே அது சொல்வது சரிதான் என்று மட்டும் சொன்னாள்.

அப்போது மேற்குக் கரைக் குருநாதன் எழுந்தான். கொஞ்சம் தயங்கித்தான் பேசினான். பங்குனியில் அவன் அம்மா செத்தபோது அவனையும் பொருந்தவில்லை என்று அது துரத்தியிருக்கிறது. மீசை முளைக்கும் வரை வீட்டில் இருந்திருக்கிறான்.

"சாவு விழுந்த வீட்டு ஆளு தண்ணிக்கு வரக்கூடாதுன்னு அது சொல்லுதாட்ட இருக்குதுன்னு இருந்துட்டனுங்க. போனுக்கும் தீட்டுப் பாக்கத் தெரியும்னு நெனச்சன்."

மண்டபமே சிரித்தது. சிரித்தவர்களில் இன்னும் இரண்டு பேர் எழுந்து நாங்களும் அப்படித்தான் என்றார்கள். அப்பனைப் பறிகொடுத்தவன் ஒருவன், அண்ணனைப் பறிகொடுத்தவன் ஒருவன். தலைமுழுகி வந்தவர்களை ஒரு பழம் பொறி கரையில் நிறுத்தியிருக்கிறது. இவர்களும் மரியாதையாக நின்றிருக்கிறார்கள். நான்தான் மரியாதை கெட்டவன்.

குலுக்கல் இல்லை என்று தங்கமுத்து சொன்னார். சொல்லாமல் அவரால் மேடையை விட்டு இறங்கியிருக்க முடியாது. போகும்போது என்னிடம் வந்து, இனியாவது மீசையை விடுங்கள், பார்க்க நன்றாக இல்லை என்றார்.

"பொருந்தினாச் சரிங்க. பாக்க நல்லாருக்கோணும்னு விதியில்லீங்களே."

ஆவணி 25, புதன்

யாஸ்மின் ஊருக்குப் போகும் முன் வீட்டுக்கு வந்தாள். புதுப் பொறியை ஏற்றினாள். மூன்று புள்ளி இரண்டு, இந்த முறை அதுவே சொன்னது. மழித்த முகத்தைக் காட்டினேன். தயங்காமல் என் பேரைச் சொன்னது. அடுத்து பாவாயி பேரையும் சொல்லி முகம் கேட்டது.

யாஸ்மின் சட்டென்று போனை வாங்கப் பார்த்தாள். துணையாளரை எடுத்துவிடட்டுமா ஐயா, தினமும் கேட்டால் உங்களுக்குக் கஷ்டமாக இருக்குமே என்றாள். நல்ல மனதோடுதான் கேட்டாள். எனக்குத்தான் சுரீரென்று வந்தது. கூட்டத்தில்கூட அப்படிக் குரலை உயர்த்தவில்லை.

"நீ அடிச்சு வெக்காத அம்மிணி. உங்க பக்கத்துல நீங்களா ஒண்ணை அடிச்சு வெச்சதுக்குத்தான் இத்தனை பாடு. அது என்னையக் கேக்கற மாதிரி வை. நான் சொல்றன்."

அவள் உட்கார்ந்து வேலை செய்தாள். இதுவும் ஒரு வரிதான் என்றாள். முட்டை இரண்டு அவித்துக் கொடுத்தேன். ஒன்றைத் தின்றாள், ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஆவணி 26, வியாழன்

துறைக்குப் போனேன். அத்தியப்பன் பரிசலை இறக்கித் தண்ணீர் ஓரத்தில் பிடித்துக்கொண்டிருந்தான். முகம் காட்டினேன்.

வணக்கம் பொங்கியண்ணன் என்றது. பிறகு கேட்டது. இன்று துணையாளர் பாவாயி வருகிறாரா, தனியாளா?

காவலாள் சங்கிலியைப் பிடித்தபடி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அத்தியப்பன் குனிந்து கயிற்றைச் சரி செய்தான், கயிறு சரியாகத்தான் இருந்தது. நான் சொல்லாததால் அது மறுபடியும் கேட்டது. அதே குரலில், அவசரப்படுத்தாமல்.

"இன்னைக்குத் தனியாளுங்க" என்றேன்.

பச்சை எரிந்தது. காவலாள் சங்கிலியை அவிழ்த்தான்.

ஒற்றை ஆளாக வலை போட்டால் பரிசல் சுற்றுகிறது. துடுப்பைப் பார்த்தால் வலை போகிறது, வலையைப் பார்த்தால் துடுப்பு போகிறது. வெயில் ஏறும் வரை சுற்றினேன். என் இடத்தில்தான் சுற்றினேன். கட்லா ஒன்றும் கெளுத்தி கொஞ்சமும் கிடைத்தன.

நாளைக்கும் கேட்கும். கேட்கட்டும்.